சாவிப் பிள்ளை

காவலுக்கு நிற்பான், கம்பு கிடையாது. கதவைக் கட்டிப் பிடிப்பான், கை கிடையாது. விரல் நீளப் பிள்ளை ஒன்று வயிற்றுக்குள் புகுந்து திரும்பினால் மட்டும் வாயைத் திறப்பான். யார்? சொல்லுங்கள் அண்ணாச்சி.

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். இந்த ரயில்வே கேட்டில் மாட்டினால் இருபது நிமிடம் ஆகும். பஸ் டிரைவரே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார், பாருங்கள்.

பூட்டா? சரிதான். எல்லோரும் பூட்டு என்றுதான் சொல்கிறார்கள். என் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் எல்லாம் பூட்டு, பூட்டு என்றுதான் கத்தினார்கள். ஒருத்தி மட்டும் கத்தவில்லை. எழுந்து நின்று, “பூட்டு சரி சார். அந்த விரல் நீளப் பிள்ளை யாரு? அதைச் சொல்லாம விடை எப்பிடி முடியும்?” என்று கேட்டாள். முப்பிடாதி என்று பெயர். நாலாம் வகுப்பு முடிக்கப் போகிற நேரம். நான் சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். “அடுத்த வருஷம் நீதான்டி சாவிப் பிள்ளை” என்றேன்.

இதோ, இந்தச் சாவிதான். இன்னும் என் பையிலேயே கிடக்கிறது. இன்றைக்கு ஒப்படைத்துவிட வேண்டும்.

நான் ஆசிரியர். கோமதிநாயகம் என்று பெயர். சீவலான்குளம் என்று ஓர் ஊர், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அங்கே தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். பணியில் சேர்ந்து முப்பத்தொரு வருடம். அதோடு எங்கள் சங்கத்துக்கு வட்டாரச் செயலாளர், பன்னிரண்டு வருடமாக. இப்போது தென்காசிக்குப் பணிநிரவல் கலந்தாய்வுக்குப் போகிறேன். பணிநிரவல் என்றால், பிள்ளை குறைந்த பள்ளியிலிருந்து ஆசிரியரை எடுத்து, பிள்ளை நிறைந்த பள்ளியில் போடுவது. நான் இப்போது உபரி. அந்தச் சொல்லைப் பாருங்கள். முப்பத்தொரு வருடம் கழித்து உபரி.

வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் மூப்பு எனக்குத்தான். கேட்கிற ஊர் கிடைக்கும்.

சாவிப் பிள்ளை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? எங்கள் பள்ளி ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, குளத்தங்கரையில் இருக்கிறது. எனக்குப் பஸ் ஒன்பது இருபதுக்குத்தான். பிள்ளைகளுக்கோ காலைச் சாப்பாடு எட்டரை மணிக்கு. யாராவது எட்டு மணிக்குத் திறக்க வேண்டும் இல்லையா? அதனால் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டில் சாவி இருக்கும். வருடத்துக்கு ஒரு பிள்ளை. நான் ஏற்படுத்திய வழக்கம். வெறுமனே கொடுக்க மாட்டேன். விடுகதை போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பேன். சாவி வாங்கிய பிள்ளை அன்றைக்கு நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! கலெக்டர் தோற்றார்.

ஒரே ஒரு விதி. சாவியைக் கொடுப்பதாக இருந்தால் என் கையில்தான் கொடுக்க வேண்டும். வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சாவியைக் கொடுக்கிறபோதே சத்தியம் வாங்கிவிடுவேன்.

முப்பிடாதியின் அம்மா பொன்னுத்தாய்தான் காலைச் சாப்பாடு சமைக்கிறவள். பள்ளியை ஒட்டினாற்போலத்தான் வீடு. நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம்.

சங்கம் என்றதும் உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன் அண்ணாச்சி. பரவாயில்லை. எல்லோருக்கும் அந்த எண்ணம் உண்டு. வாத்தியார்களுக்கு வேலை போகாது, அதனால் வேலையும் செய்வதில்லை, கேட்டால் கொடி பிடிக்கிறார்கள். டீக்கடையில் தினம் கேட்கிறதுதான். நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், எங்கள் பள்ளிக்குப் புதுக் கூரை போட்டார்கள். போட்ட முதல் சாரலிலேயே ஒழுகியது. வேலையை எடுத்தவர் ஊராட்சித் தலைவருக்கு மைத்துனர். பிள்ளைகள் தலையில் காரை விழுகிறது என்று நான் மேலே எழுதிப் போட்டேன். பத்தே நாளில் மாறுதல் உத்தரவு வந்தது, மலை மேலே, பஸ் போகாத ஊருக்கு. என் மனைவி அப்போது எட்டு மாதம். யாரிடம் போவேன்? சங்கத்துக்குப் போனேன். நாற்பத்தோரு ஆசிரியர்கள் அலுவலக வாசலில் மழையில் உட்கார்ந்தார்கள். எனக்காக. முகம் தெரியாத எனக்காக. மூன்றாம் நாள் உத்தரவு ரத்தானது. கூரையும் மாற்றிப் போட்டார்கள். வேலைக்குப் பாதுகாப்பு இல்லாதவன் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பானா? கூரை ஒழுகினால் குடை பிடித்துக்கொண்டு பாடம் நடத்தியிருப்பான். இதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தச் சங்கத்துக்கு என் உயிர் என்று. அதனால் மாதத்தில் எட்டு நாள், பத்து நாள் வெளி வேலை வந்துவிடும். ஒரு டீச்சருக்கு மகப்பேறு விடுப்பு மறுப்பார்கள், ஒருவருக்கு ஓய்வூதியக் கோப்பு நகராது, நான்தான் போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவேன். பள்ளியைத் தவிக்கவிட்டுப் போனேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அதுதான் ஜெயராக்கினி இருந்தாளே.

ஜெயராக்கினி யார் என்று சொல்லவில்லையே. எங்கள் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் இடம். இன்னொருவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இடம் காலி. அரசு நிரந்தரமாக ஆள் போடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவே ஒருவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. குழு என்றால் பெற்றோர்கள், அதற்குச் செயலாளர் நான். அப்படி வந்தவள்தான். பக்கத்து ஊர்ப் பெண். இருபத்தெட்டு வயது. தகுதித் தேர்வில் தேறி ஆறு வருடமாக அரசு வேலைக்குக் காத்திருக்கிறாள். அவளைப் போல எத்தனை ஆயிரம் பேர்! அதைத்தானே நாங்கள் எதிர்த்தோம்? தற்காலிக நியமனமே கூடாது, தேர்ச்சி பெற்றவர்களை நிரந்தரமாகப் போடு. இதுதான் எங்கள் நான்காவது கோரிக்கை. சங்க உறுப்பினராக இருக்கிற எந்தத் தலைமையாசிரியரும் இனிமேல் தற்காலிக நியமனத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டோம். வாசகம் என்னுடையது. நன்றாக வந்திருந்தது.

அந்தப் பெண்ணிடமே சொன்னேன். “இது உனக்கும் சேர்த்துத்தாம்மா. நீ நிரந்தரமாகணும்னுதான் போராடுறோம்.”

“சரி சார்” என்றாள். பிறகு, “அது வரைக்கும் நான் இருப்பேன்லா சார்?” என்று கேட்டாள்.

சிரித்தேன்.

ஜூலை மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாள். செய்தியில் பார்த்திருப்பீர்கள். தொடங்குவதற்கு முந்தின நாள் மாலையே முப்பிடாதியைக் கூப்பிட்டேன். “நாளையிலிருந்து பள்ளிக்கூடம் திறக்க வேண்டாம். சாவி பத்திரம்” என்றேன்.

“எத்தனை நாளைக்கு சார்?”

“நான் வந்து கேட்கிற வரைக்கும்.”

“சரி சார்.” அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதிகம் பேசாது.

மறுநாள் தென்காசியில் மறியல். எங்களைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்நூறு பேர். மணமேடையில் யாருக்கோ போட்ட பூ அலங்காரம்கூடப் பிரிக்கவில்லை, அதன் கீழே உட்கார்ந்துதான் சங்கத் தலைவர் பேசுகிறார். எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். வெளியே நல்ல சாரல். அப்போது எனக்குப் போன் வருகிறது. பொன்னுத்தாய் நம்பர். எடுத்தால் முப்பிடாதி.

“சார், பெரிய ஆபீசர் ஜீப்புல வந்திருக்காவ. சாவி கேக்காவ. குடுக்கவா?”

வட்டாரக் கல்வி அலுவலர். வேலைநிறுத்தத்தன்றும் பள்ளியைத் திறந்து, தற்காலிக ஆசிரியரை வைத்து நடத்திவிட வேண்டும் என்று அவர்களுக்கு மேலிட உத்தரவு. அப்படி நடந்துவிட்டால் எங்கள் போராட்டம் என்ன ஆகும்? அப்போது என் பக்கத்திலிருந்த ஒருவர், “யாரு நாயகம்?” என்றார். “என் பள்ளிக்கூடத்துச் சாவிப் பிள்ளை. ஆபீசர் கேட்டும் சாவி கொடுக்க மாட்டேங்கறா” என்றேன். அவர் போனை வாங்கி ஒலிபெருக்கியில் பிடித்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்கிறது. நான் சொன்னேன், “கொடுக்காதேம்மா.”

என்ன கைதட்டல் அண்ணாச்சி! நாற்காலி எல்லாம் அதிர்ந்தது. முப்பிடாதி மேலே ஏதோ சொன்னாள். கைதட்டலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “டீச்சரும் வெளியதான் நிக்காவ சார், ஒண்ணாப்புப் பிள்ளைய எல்லாம் நனையுது” என்று சொன்னாள். அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கிறது?

அன்றைக்குத் தலைவரே அதைத்தான் பேசினார். பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிற உறுதி நமக்கு வேண்டும் என்று. யாரோ எழுதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மாவட்டம் முழுக்கப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். பொன்னுத்தாய் சொன்னாள். சமையலறை தனிக் கட்டடம், அது மட்டும் திறந்திருந்தது. அதற்குள்ளே எத்தனை பிள்ளைகள் நிற்கும்? உப்புமாப் பாத்திரத்தை நடுவில் வைத்துச் சின்னதுகளை உள்ளே விட்டு, பெரியதுகளும் டீச்சரும் வேப்ப மரத்தடியில். அலுவலர் ஜெயராக்கினியைப் பார்த்து, “நீ டீச்சரா, வேடிக்கை பார்க்க வந்தவளா? ஒரு சின்னப் பிள்ளைகிட்ட சாவி வாங்கத் துப்பில்லையா?” என்று கேட்டிருக்கிறார். ஜீப் டிரைவர் கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கப் போயிருக்கிறார். ஜெயராக்கினி கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். “பிள்ளைங்க பார்க்க உடைக்காதீங்க சார்” என்று.

சரி. அலுவலருக்குக் கோபம். என் மேல் காட்ட முடியுமா? காட்டினார். பதினேழு பி வந்தது. அதாவது குற்றச்சாட்டு மெமோ. அதற்கு நான் விளக்கம் எழுதலாம், பதினைந்து நாள் அவகாசம். அப்புறம் விசாரணை. அப்புறம் மேல்முறையீடு. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. போராட்டம் முடிந்ததும் எல்லா மெமோவும் ரத்து. ஒன்பது நாளையும் பணிக்காலமாக எடுத்துக்கொண்டார்கள். கோரிக்கைகளைப் பார்க்கக் குழு அமைப்பதாக அறிவிப்பு. வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெயராக்கினிக்கு மெமோ எல்லாம் இல்லை. மழையில் நின்ற அன்றைக்குச் சாயங்காலமே அலுவலரிடமிருந்து ஒரு போன். “நாளையிலிருந்து வர வேண்டாம்.” அவ்வளவுதான். அவளுக்கு விளக்கம் எழுதக் காகிதமே வரவில்லை, என்ன எழுதுவாள்?

எனக்கு வருத்தம்தான். வருத்தமில்லை என்று நான் சொல்லவில்லை.

போராட்டம் முடிந்து முதல் நாள் பள்ளிக்குப் போனேன். முப்பிடாதி வாசலில் நின்று சாவியை என் கையில் கொடுத்தாள். “சபாஷ்!” என்றேன். சிரிக்கவில்லை. மறுபடி அவளிடமே கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ஐந்து வகுப்பையும் நான்தான் பார்த்தேன். நடத்தினால் எனக்கு நிகர் யார் அண்ணாச்சி? சொல்லக் கூடாது, ஆனால் அந்தக் காலத்தில் என் கணக்குப் பாடத்தைப் பார்க்க மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் எடுத்தேன். ஒரு பயல், “இதை டீச்சர் போன மாசமே முடிச்சிட்டாவ சார்” என்றான். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இடது கையால் எழுதியது. பென்சிலை எடுத்து வலது கையில் வைத்தேன். அது அழுதது. “உன் பேரென்ன?” என்றேன். எல்லாப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளை. ஜூன் மாதம்தான் சேர்ந்தது. எப்படி எனக்குப் பெயர் தெரியும்?

இரண்டு நாள் கழித்து ஜெயராக்கினி வந்தாள், தன் பொருள்களை எடுக்க. என்ன பொருள்? ஓர் அட்டைப் பெட்டி. எழுத்து அட்டைகள், புளியங்கொட்டை, தீப்பெட்டியில் செய்த ரயில். எடுத்துப் பார்த்தாள், “இங்கேயே இருக்கட்டும் சார்” என்று வைத்துவிட்டாள். ஒரு தாளைக் கொடுத்தாள். பிள்ளைகள் பெயர் வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. ‘சுடலி: இடது கை, மாற்ற வேண்டாம்.’ ‘மாடசாமி: கரும்பலகை தெரியவில்லை, முன்னால் உட்கார வைக்கவும்.’ இப்படி. அச்சடித்தது மாதிரி எழுத்து.

கேட்டேன். “நீ கேட்டிருந்தா முப்பிடாதி சாவியைக் கொடுத்திருப்பாளேம்மா. ஏன் கேக்கல?”

“கொடுத்திருப்பா சார். எனக்குத் தெரியும். பிறகு அவ உங்க முகத்தில எப்படி முழிப்பா? சத்தியம் பண்ணியிருக்காள்லா.”

“உன் வேலை போச்சேம்மா.”

“உனக்கும் சேர்த்துதான் போராடுறோம்னு நீங்க சொன்னீங்க சார். நான் பள்ளிக்கூடத்தைத் திறந்தா அது தப்பாயிடும்லா?” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சங்கத்தில பேசறேன்மா” என்றேன்.

பேசினேன். பேசவில்லை என்று நினைக்காதீர்கள். செயற்குழுவில் எழுந்து, “ஒரு பெண் நம் போராட்டத்துக்காக வேலையை இழந்திருக்கிறாள், ஒரு கண்டனத் தீர்மானமாவது போட வேண்டும்” என்றேன். தலைவர் சிரித்தார். “நாயகம், உறுப்பினரா அவங்க? உறுப்பினர் இல்லாதவங்களுக்கு நாம எப்படித் தீர்மானம் போடறது? விதி பதினொண்ணு யார் எழுதினது?” என்றார்.

நான் எழுதியதுதான். நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். எழுதியபோது அதற்கு நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கிடையில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பொன்னுத்தாய் முன்னால். கையில் குழுவின் தீர்மானப் புத்தகம். “சார், நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டோம். டீச்சரைத் திரும்ப வச்சுக்கலாம். ஆபீசர்கிட்டயும் போய்ப் பேசிட்டோம், ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்தா ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு கையெழுத்து, ஆறு கைநாட்டு. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். “இங்க பாருங்க, நாம தற்காலிகமா ஒத்துக்கிட்டோம்னா அரசாங்கம் எந்தக் காலத்திலயும் நிரந்தரமா ஆள் போடாது. இதான் போதும்னு விட்டுடும். நாளைக்கு உங்க பிள்ளையும் படிச்சு டீச்சராகும், அதுக்கும் இதே கதிதான். இன்னிக்குக் கொஞ்சம் பொறுத்தா நாளைக்கு எல்லாருக்கும் நல்லது.” தப்பா அண்ணாச்சி? ஒரு வார்த்தை தப்பா, சொல்லுங்கள்.

பொன்னுத்தாய் கேட்டாள். “அந்த நாளை வர்ற வரைக்கும் ஒண்ணாப்புக்கு யாரு சார் ‘அ’னா சொல்லிக் கொடுப்பா?”

“நான் இருக்கேன்லா?”

“இருக்கீங்களா சார்?” என்றாள்.

அதைத்தான் சொன்னேன், வாய் நீளம். நான் பெரிதுபடுத்தவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள், யோசிக்கிறேன் என்றேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். யோசித்தேன். நான் எழுதின தீர்மானத்தை நானே மீறினால், மறுநாள் வட்டாரத்தில் எவன் என்னை மதிப்பான்? நாற்பத்தோரு பேர் எனக்காக மழையில் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு என்ன பதில்? அதை நினைத்துப் பேனாவை எடுப்பேன், மூடுவேன். அந்த வாரம் இரண்டு நாள் வெளி வேலை வேறு வந்துவிட்டது, ஓய்வூதியக் கோப்பு ஒன்று.

அதற்குள் பக்கத்தில் இன்னொரு ஊரில் ஒரு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஜெயராக்கினியைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கேயும் தற்காலிகம்தான், சிரிக்காதீர்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு வேன் உண்டு. எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. டீச்சர் அதில்தான் போவாள். முதல் நாள் வேன் குளத்தங்கரையில் நின்றபோது பிள்ளைகள் எல்லாம் ஓடிப் போய்ச் சன்னலைப் பிடித்துக்கொண்டனவாம். இரண்டாம் நாள் பெற்றோர்கள் டிரைவரிடம் விசாரித்திருக்கிறார்கள். அங்கேயும் பணம் கட்ட வேண்டாம், காலைச் சாப்பாடும் உண்டு.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் எண்ணிக்கை நாள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளையோ, அதை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது. பிள்ளை போனால் பணியிடம் போகும். ஒரேயடியாகப் போனால் பள்ளியே பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்துவிடும்.

வீடு வீடாகப் போனேன். அந்தக் கூரை விஷயத்துக்கு அப்புறம், பத்தொன்பது வருடம் கழித்து அந்தத் தெருக்களில் வீடு வீடாக. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. மோர் கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே பதில். “சாவிப் பிள்ளை என்ன செய்யுதுன்னு பார்த்துட்டுச் சொல்லுதோம் சார். அது இருந்தா எங்க பிள்ளையும் இருக்கும்.” அப்படி ஒரு மதிப்பு அந்தப் பிள்ளைக்கு. நான் கொடுத்த மதிப்புதானே?

பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் இக்கட்டுதான். பள்ளி போனால் அவள் அடுப்பும் போகும். அவள் சொன்னாள், “நான் இருன்னு சொன்னா என் வேலைக்காகச் சொன்னதாகும். போன்னு சொன்னா உங்க மேல உள்ள கோவத்துல சொன்னதாகும். அவளே சொல்லட்டும் சார்.”

முப்பிடாதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணி, ஆணியில் சாவி.

“என்னம்மா?” என்றேன்.

“டீச்சர் மறுபடி நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருவாவளா சார்?”

“அது பெரிய விஷயம்மா. சங்கம், தீர்மானம் எல்லாம் இருக்கு.”

“நீங்க கையெழுத்துப் போட்டா வருவாவன்னு அம்மா சொன்னா.”

சின்னப் பிள்ளைக்கு என்னவென்று விளக்குவது? விளக்கினேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய குணம் என்று சொன்னேன். “நீ சாவி விஷயத்தில் காப்பாத்தினே பாரு, அதே மாதிரிதான் நானும்.” அவள் தலையாட்டினாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன். “நாளைக்கு எண்ணிக்கை நாள். எட்டு மணிக்கே நான் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட் திறந்துவிட்டான் போலிருக்கிறது. டிரைவர் வருகிறார். முடித்துவிடுகிறேன்.

சொன்னபடி வந்தேன். டவுன் வரைக்கும் முதல் பஸ், அப்புறம் ஒருவர் பைக்கில். ஏழே முக்காலுக்குக் குளத்தங்கரையில் நிற்கிறேன். இழுப்பறையில் இருந்த தீர்மானப் புத்தகத்தை முந்தின நாளே பையில் எடுத்து வைத்திருந்தேன். பேனாவும் இருந்தது. போட்டாலும் போட்டிருப்பேன். அவள் வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே போட்டிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சாரல் லேசாகப் போட்டது. பிள்ளைகள் எல்லாம் பையோடு வேப்ப மரத்தடியில் நின்றன. பெற்றோர்களும் நின்றார்கள். வேன் வந்து நின்றது. ஜெயராக்கினி இறங்கவில்லை, முன் சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி எட்டு மணிக்கு வந்தாள். பூட்டைத் திறந்தாள். கதவை இரண்டு பக்கமும் தள்ளி, காற்றில் சாத்தாமல் இருக்கக் கல் வைத்தாள். சாவியை என் கையில் கொடுத்தாள். வேனில் ஏறினாள்.